ஒரு நட்சத்திரம் குறைத்தவன்

அக்கா எதையும் புரட்டிப் பார்க்காமல் வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. வெங்காயம் என்றால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாள். குடை என்றால் கடைக்குள்ளேயே விரித்து, மடக்கி, மறுபடி விரித்து, கடைக்காரர் "அம்மா தாயே, மழை வர்றதுக்குள்ள வாங்கிட்டுக் கிளம்புங்க" என்று கும்பிடும் வரைக்கும் விடமாட்டாள். தொழில் அப்படி. சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு, இருபத்திரண்டு வருஷ அனுபவம். கோணல் தையல், விட்டுப்போன பொத்தான் காஜா, நூல் பிசிறு என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த ஸ்டிக்கர் சுருள் கைப்பையிலேயே கிடக்கும். வீட்டிலும் அதற்கு வேலை உண்டு. தம்பி ஏதாவது புளுகினால், பேச்சை நிறுத்தாமலே அவன் சட்டையில் ஓர் அம்பை ஒட்டிவிட்டுப் போவாள்.

தம்பிக்குப் புளுகுவதுதான் பிழைப்பு. அவன் அதை அப்படிச் சொல்ல மாட்டான். "விளம்பர வாசகம் எழுதறேன்" என்பான். இணையத்தில் விற்கிற மிக்ஸிக்கும் மெத்தைக்கும் நாலு வரி விளக்கம் எழுதிக் கொடுப்பது. அதோடு, வெளியே சொல்லிக்கொள்ளாத இன்னொரு வேலையும் இருந்தது. வாங்கினவர்கள் எழுதினமாதிரி பாராட்டு எழுதுவது. உட்கார்ந்த இடத்திலேயே மூன்று குழந்தைக்குத் தாயாவான், ஓய்வுபெற்ற வாத்தியாராவான், புதுசாகக் கல்யாணமானவனாவான். மெத்தையில் படுத்ததே கிடையாது. ஆனால் முதுகுவலி பறந்துபோச்சு என்று எழுதிவிடுவான்.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர்தான். அக்கா இவனைவிட ஆறு வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்தப் பல்லுக்கா?"

"கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. தண்ணி பட்டாலே உயிர் போவுது."

"டாக்டர்கிட்ட போலாம் வா."

"போலாம்னா? யாருன்னு பாக்க வேண்டாமா? வாயைத் திறந்து ஒருத்தன்கிட்ட குடுக்கப் போறோம்."

இதில் இன்னொரு சமாசாரமும் உண்டு. துணி விஷயத்தில் புலியாக இருக்கிற அக்கா, பல் டாக்டர் என்றால் எலி. பத்து வயதில் ஒரு டாக்டரின் விரலைக் கடித்து ரத்தம் வரவழைத்தவள். "தம்பி கையைப் பிடிச்சாத்தான் வாயைத் திறப்பேன்" என்று அடம்பிடித்து, நாலு வயதுப் பொடியனை நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்த பிறகுதான் அந்தப் பல் வெளியே வந்தது. அந்தக் கதையை அப்பா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாலு நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு அக்கா ஆராய்ச்சி செய்தாள். அரசாங்கப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, பதிவு எண் என்ன, எந்த வருஷம் படித்து முடித்தார் என்றெல்லாம் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள். ஆறு டாக்டரில் மூன்று பேரைக் கழித்துக் கட்டினாள். பிறகு பாராட்டுகளைப் படிக்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு தம்பி மேசைக்கு வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"கிடைச்சுட்டார்டா. இதைப் பாரு. எல்லாரும் அஞ்சு நட்சத்திரம், ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்காங்க. அதெல்லாம் நான் நம்பல. குறையே இல்லாத சட்டையைப் பாத்தா எனக்கு முதல்ல சந்தேகம்தான் வரும். ஆனா இந்த ஒரு பொண்ணு நாலுதான் போட்டிருக்கா. வெயிட்டிங் ரூம்ல ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதாம், அதுக்காக ஒண்ணைக் குறைச்சுட்டாளாம். இது உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளு."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஃபேனை மாட்டினதே அவன்தான். மாட்டினது என்றால், எழுத்தில்.

அது நடந்து எட்டு மாதம் இருக்கும். கூடப் படித்தவன் ஒருத்தன். பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கோந்து என்று பெயர். பிடித்தால் விடமாட்டான். அந்தப் பல் கிளினிக்கில் மேனேஜராக இருந்தான். "புது இடம்டா, கூட்டமே இல்ல, பன்னெண்டு எழுதிக் குடு" என்று ஒட்டிக்கொண்டான். தம்பி ஒரே மத்தியானத்தில் பன்னிரண்டையும் எழுதித் தள்ளினான். அந்தக் கட்டடத்தின் வாசல்படியைக்கூட அவன் மிதித்ததில்லை. பதினொன்று சாதாரணம். பன்னிரண்டாவதை எழுதும்போது மட்டும் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு சின்னக் குறை சேர்த்தால் நம்புவார்கள் என்பது அவன் தொழில் ரகசியம். அதோடு விட்டானா, பாவி!

"கேளு கேளு" என்று அக்கா படித்தாள். "'நான் சின்ன வயசில் டாக்டர் விரலையே கடித்தவள். நாற்காலியில் உட்கார்ந்தால் யாராவது என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த டாக்டரிடம் அது தேவைப்படவில்லை. ஊசி போட்டதுகூடத் தெரியவில்லை.' எப்படி? என்னை மாதிரியே ஒரு பயந்தாங்கொள்ளி இருக்காடா இந்த ஊர்ல! அவளுக்கே பயம் போச்சுன்னா எனக்கும் போகாதா?"

அவள் சிரித்தாள். வலியில் பாதிதான் சிரிக்க முடிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'அக்கா, அது நான் எழுதினது.' நாலே வார்த்தை. சொன்னால் என்ன, சட்டையில் இரண்டு அம்பு ஒட்டுவாள், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள், அவ்வளவுதான். ஆனால் அவள் பயத்தை எடுத்து விற்றிருக்கிறான் என்பதை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது? வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினான்.

"வேற யாரையாவது பாக்கலாமேக்கா. இது ரொம்ப தூரம்."

"பதினஞ்சு நிமிஷம் பஸ்ல. அது உனக்கு தூரமா? பதிவு நம்பர்லாம் சரியா இருக்கு. புதன்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் தம்பி கோந்துக்குப் போன் போட்டான். "உங்க டாக்டர் எப்படிடா? எங்கக்கா வர்றாங்க."

"டாக்டர் தங்கமான மனுஷன். அனுபவஸ்தர். ஆனா சனிக்கிழமை மட்டும்தான் வருவாரு."

"மத்த நாள்ல?"

"அவர்கிட்ட ஆறு வருஷமா உதவியாளா இருந்த ஒருத்தர் பாத்துக்குவாரு. படிப்பு இல்லைன்னு பேரு, கைராசிக்காரர். நீ ஏன் கவலைப்படற?"

தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "புதன்கிழமை டாக்டரை வரச் சொல்லுடா. எனக்காக."

"பாக்கறேன்டா" என்றான் கோந்து. பாக்கறேன் என்றால் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம் என்பது இவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே ஐந்து நாளை ஓட்டினான். சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளேன் என்று அக்காவிடமும் கேட்டுப் பார்த்தான். சனிக்கிழமைதான் சரக்கு ஏற்றுகிற நாள், அன்றைக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் கடித்துக் குதறிவிடுவாள் என்றாள்.

புதன்கிழமை போனார்கள். வெயிட்டிங் ரூமில் ஃபேனே இல்லை. ஏசிதான் இருந்தது.

அக்கா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "ஃபேனை மாத்திட்டாங்க போல. நல்ல விஷயம், சொன்னதைக் கேட்டிருக்காங்க" என்றாள். தம்பி செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

சுவரில் சர்டிபிகேட் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அக்கா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். சர்டிபிகேட் மூலையில் டாக்டரின் போட்டோ. நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வழுக்கை.

"தலைல முடி இல்லாட்டி என்ன, கைல நடுக்கம் இல்லாம இருந்தா சரி" என்று தம்பியின் காதில் சொன்னாள். பயத்தில் அவளுக்குப் பேச்சு அதிகமாகும். பிறகு வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்: "டாக்டர் உள்ளதானே இருக்காரு?"

"இருக்காரு மேடம்" என்றாள் அந்தப் பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு கோந்து எட்டிப் பார்த்தான். தம்பியைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக, "அடடே!" என்று கையைத் தூக்கினான். தம்பி அவசரமாகத் தலையை ஆட்டினான். தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதே என்ற ஆட்டல். கோந்து கெட்டிக்காரன், தூக்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

"யாருடா அது?"

"யாருன்னு தெரியலக்கா."

அது அன்றைக்கு அவன் சொன்ன முதல் பொய். அம்பு ஒட்டுகிற நிலையில் அவள் இல்லை. அவள் முறை வந்தது.

கதவுக்கு முன்னால் அக்கா நின்றாள். தம்பியின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை முழுக்க வியர்வை. நாற்பது வயது தாண்டின பொம்பளை, நாற்பது தையல்காரிகள் நடுங்குகிற செக்கிங் அம்மா, குழந்தை மாதிரி சொன்னாள்: "அந்த நாற்காலியைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வந்துரும். நான் கண்ணை மூடிக்கிட்டே வர்றேன். நீ பாத்துக்கோ."

கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தான். முகக்கவசமும் தொப்பியும் போட்ட ஆள் ஒருத்தர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். தொப்பிக்குக் கீழே, பின்கழுத்தில், கருகருவென்று அடர்த்தியான முடி சுருண்டு தொங்கியது.

தம்பி பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்த்துக்கொள் என்றுதானே அவள் சொன்னாள்?

'அக்கா, எந்திரி, போலாம்.' சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பாள். இவர் டாக்டர் இல்லை என்றால், உனக்கெப்படித் தெரியும் என்பாள். அந்த முகக்கவச ஆள் கோந்தைக் கூப்பிடுவார். கோந்து வந்து, "இவன்தாம்மா எங்க கிளினிக்கையே தூக்கி நிறுத்தினவன்" என்று போட்டு உடைப்பான். இதெல்லாம் ஒரு நொடியில் தம்பியின் மண்டைக்குள் ஓடியது.

"துணைக்கு வந்தவங்க வெளிய இருங்க" என்றார் அந்த ஆள்.

அக்கா கண்ணைத் திறக்காமலே கையை விட்டாள். "சரி, நீ போ. பயப்படாத" என்றாள். யாரைப் பார்த்து யார் சொல்வது!

இருபத்தைந்து நிமிஷம் அவன் வெளியே உட்கார்ந்திருந்தான். எதிரே கண்ணாடிக்குள் வழுக்கைத் தலை டாக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை எழுந்தான், இரண்டு முறை உட்கார்ந்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. தின்று என்ன, காலை நகர்த்தவில்லையே.

அக்கா வெளியே வந்தாள். கன்னம் கோணியிருந்தது, வாயில் பஞ்சு. கையில் காகிதத்தில் சுற்றின பல். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பஸ்ஸில் வரும்போது, பஞ்சோடு குழறிக் குழறி, "அந்தப் பொண்ணு சொன்னது நிஜம்டா, ஊசி தெரியவே இல்ல" என்றாள். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தோம் என்று ஒரு நிம்மதிகூட அவனுக்கு வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அவனுக்கு அதிகமாகக் கூசுகிறது.

சாயங்காலம் மரமரப்பு விட்டது. அக்கா அடுப்படியில் தண்ணீர் குடித்தவள், "ஆ!" என்று டம்ளரைக் கீழே போட்டாள். தம்பி ஓடிப்போய்ப் பார்த்தபோது டார்ச் விளக்கை வாய்க்குள் அடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்ப்பது போல உதட்டை இழுத்து, நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் காகிதத்தைப் பிரித்துப் பல்லை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளி கறுப்பு இல்லை. வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"நல்ல பல்லைப் புடுங்கிட்டான்டா" என்றாள். "சொத்தைப் பல்லு அங்கயே இருக்கு."

அவள் அழுது அவன் பார்த்தது அப்பா செத்த அன்றைக்குத்தான். இப்போதும் அழவில்லை. பல்லை மறுபடி காகிதத்தில் சுற்றி, மாத்திரை டப்பாவில் வைத்து மூடினாள். மூடியை இரண்டு தடவை அழுத்தினாள்.

மறுநாள் காலையில் லீவு போட்டுவிட்டு, அவன் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீதான் நல்லா எழுதுவியே. எனக்காக ஒண்ணு எழுது. பல் டாக்டர்களைப் பதிவு பண்ற அலுவலகத்துக்கு ஒரு புகார். அதையே அந்தப் பாராட்டுக்குக் கீழயும் போட்டுரு. அந்தப் பொண்ணு எழுதினதை நம்பி இன்னொருத்தி போய் உக்காந்துரக் கூடாது."

தம்பி விசைப்பலகையில் கையை வைத்தான். விரல் ஓடவில்லை.

"அவளைத் திட்டி எழுதாத" என்றாள் அக்கா. "பாவம், அவ போன அன்னிக்கு நல்லா பாத்திருப்பாங்க. நம்மள மாதிரிதான் அவளும், பயந்து பயந்து போனவ. அவ மேல தப்பு இல்ல."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இல்லாத ஒருத்திக்காக அவள் பரிந்து பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

"அக்கா, அப்படி ஒரு பொண்ணே இல்ல."

"என்ன?"

"அதை எழுதினது நான். ஃபேன், விரலைக் கடிச்சது, கையைப் பிடிச்சுக்கறது, எல்லாம். உன் கதையைத்தான் எழுதினேன். மேனேஜர் என்கூடப் படிச்சவன். நேத்து எட்டிப் பாத்தானே, அவன்தான். டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் வருவாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். உள்ள இருந்தவர் டாக்டர் இல்லைங்கறதும் தெரியும். பாத்துட்டு வெளிய வந்து உக்காந்தேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். முடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தான். திட்டுவாள், செருப்பை எடுப்பாள், எதையாவது செய்வாள். கைப்பை திறக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி பார்க்கிற பார்வை.

"எங்க ஃபேக்டரில தையல் கோணிப் போச்சுன்னா தச்சவளை அப்புறம்தான் கேப்பாங்க" என்றாள் மெதுவாக. பல் போன இடத்தில் காற்று புகுந்து வார்த்தை தேய்ந்தது. "இதைப் பாஸ் பண்ணினது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க. இருபத்திரண்டு வருஷமா துணி பாக்கறேன். கூடப் பொறந்தவனைப் பாக்கத் தெரியல எனக்கு."

"அக்கா, நீ ஏன் உன்னைப் போய்..."

"எழுது" என்றாள். "இப்பச் சொன்னியே, அதை அப்படியே எழுது. நீ என்ன எழுதின, உனக்கு எப்பத் தெரிஞ்சுது, எல்லாம். கீழ உன் பேரைப் போடு. உன் சொந்தப் பேரை."

எழுதினான். மிக்ஸிக்கும் மெத்தைக்கும் சிட்டாகப் பறக்கிற கை, அந்தப் பதினைந்து வரிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. 'எனக்கு முன்கூட்டியே தெரியும்' என்ற வரியை இரண்டு முறை பூசி மெழுகப் பார்த்தான். அக்கா இரண்டு முறையும் திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டாள். மூன்றாவது முறை உள்ளதை அடித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரைப் போட்டு ஒரு நட்சத்திரம் கொடுத்தான். அனுப்பின பத்து நிமிஷத்தில் கோந்திடமிருந்து போன் வந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

சொத்தைப் பல் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை காலையில் அக்காவின் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. சீட்டில் கழிக்காமல் மிச்சம் வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் போன் பண்ணினாள். "பேர்ல இருக்கற டாக்டரே பாப்பாரா? எந்தெந்த நாள் வருவாரு?" என்று மூன்று முறை கேட்டாள். பாராட்டு எதையும் படிக்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, மாத்திரை டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

தம்பி முந்திக்கொண்டு சட்டை மாட்டி, வாசலில் செருப்புப் போட்டுத் தயாராக நின்றான். அவள் பூட்டுச் சாவியை இரண்டு தடவை தவறவிட்டாள்.

"நானும் வரட்டுமாக்கா? கையைப் பிடிச்சுக்க..."

"வேண்டாம்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. "இந்தத் தடவை நான் கண்ணைத் திறந்து வச்சுக்கறேன்."

சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, தெருமுனை பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் தனியாக நடந்தாள். தம்பி செருப்போடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.